தலையணையில் ஒரு முடி

ஓட்டலில் நேருக்கு நேர் பேசும்போது எல்லோரும் அவளை 'மேடம்' என்பார்கள். தலை மறைந்ததும் 'தூசியக்கா'. அந்தப் பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை. அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாகக் கதவின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பாள். விரலில் ஏதாவது ஒட்டியதோ, அன்று அந்த மாடியே அதிரும். தலையணையில் ஒரு முடி கிடந்தால் கொலைக் குற்றம். "நமக்கு முன்னாடி இங்க ஒரு ஆள் படுத்திருந்தான்னு வர்றவங்களுக்குத் தோணவே கூடாது" என்பது அவளுடைய சட்டம்.

சட்டத்தை ஓட்டலோடு விட்டுவிட்டு வந்திருந்தால் வம்பே இல்லை. வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவளுக்கு உறவென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு தம்பி. விடுமுறை வந்தால் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். அவர்கள் வரும்வரை வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பாள். வந்த நிமிஷத்திலிருந்து துணியும் கையுமாகப் பின்னாலேயே திரிவாள். தம்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அடியில் ஒரு துண்டு வந்து உட்கார்ந்துவிடும். தம்பி மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கண்ணாடிக் கதவில் கை வைத்தால், "எடு கையை!" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். "ஒரு இடத்துக்குப் போனா, வந்துட்டுப் போன தடமே தெரியக் கூடாது. அதுதான்டா நல்ல பழக்கம்" என்று அந்தப் பிஞ்சுக்குப் பாடம் வேறு.

போன வருஷத்து விடுமுறையில்தான் வினை வந்து சேர்ந்தது. கடைசி நாள். தம்பி வாசலில் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். உள்ளே, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் வாலு கலர் பென்சிலால் போட்டிருந்த படம் தூசியக்காவின் கண்ணில் பட்டது. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. வண்டி கிளம்பும்வரையாவது பொறுத்தாளா? ஈரத் துணியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மறந்துபோன தண்ணீர் பாட்டிலை எடுக்க ஓடிவந்த வாலு, அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அத்தை, அதுல நீங்களும் இருந்தீங்க."

"சுவத்துல கிறுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

குழந்தை பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வண்டி போன பிறகுதான் தூசியக்கா சுவரை ஒழுங்காகப் பார்த்தாள். மற்ற மூன்று பேரும் அழிந்துபோயிருந்தார்கள். அவளைப் போலவே பெரிய கொண்டை போட்ட ஒருத்தி மட்டும் பாதி மிச்சமிருந்தாள், யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு. அப்படியும் அந்தப் பாதியைத் துடைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். பழகிய கை அது. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த விடுமுறைக்குத் தம்பி ஏதோ சாக்குச் சொல்லிவிட்டான். அதற்கடுத்ததற்கு இவளே போன் போட்டுக் கெஞ்சினாள். "சரிக்கா, ஒரு நாலு நாள் இருக்கிற மாதிரி வர்றோம்" என்றான். இதையும் கெடுத்துக்கொண்டால் இனி இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஓட்டல் லாண்டரியில் வேலை பார்க்கும் சிநேகிதியிடம் யோசனை கேட்டாள். "வீட்டை வீடா வைடி, போதும். கதவுல ரூம் நம்பர் பலகை ஒண்ணுதான் உன் வீட்ல பாக்கி" என்று அவள் சிரித்தாள்.

ரோஷப்படாமல் வேலையில் இறங்கினாள் தூசியக்கா. சோபாவின் பிளாஸ்டிக் உறையை உருவி எறிந்தாள். உடைகிற சாமான்களைப் பரணுக்கு அனுப்பிவிட்டு, எவர்சில்வர் டம்ளர்களைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள். குழந்தை குதிக்கட்டும் என்று பழைய மெத்தையைக் கூடத்தில் போட்டாள். அந்தச் சுவருக்குக் கீழே ஒரு புது கலர் பென்சில் டப்பா. படுக்கை விரிப்பை மட்டும் தளர்வாக விடவே முடியவில்லை. கை தானாகப் போய் நாலு மூலையையும் இழுத்துச் செருகியது. "சனியன் பிடிச்ச கை" என்று திட்டிக்கொண்டே மறுபடி உருவிவிட்டாள்.

வந்தார்கள். வாசலில் செருப்புகள் இம்மி பிசகாமல் வரிசையாக நின்றன. தம்பி சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். தம்பி மனைவி கையோடு கொண்டுவந்த துணியால், குடித்த டம்ளர் வைத்த இடத்தையெல்லாம் துடைத்தாள். வாலு மெத்தையை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி நடந்தாள்.

"சுவத்துல வரையேன்டா கண்ணு. அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வேணாம் அத்தை. அழுக்காயிடும்."

"நீ கொஞ்சம் உக்காரேன்மா" என்று தம்பி மனைவியைக் கெஞ்சினாள். "இருக்கட்டும் அண்ணி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள் அவள். குத்தலில்லை, மரியாதைதான். குத்தலாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மறுநாள் மத்தியானமே, "திடீர்னு ஆபீஸ்ல கூப்பிடுறாங்கக்கா" என்று தம்பி பெட்டியை எடுத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "இன்னும் ரெண்டு நாள்..." என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே விழுங்கிக்கொண்டாள். எந்த முகத்தோடு கேட்பது?

கிளம்பும்போது வாலு அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். படுக்கை விரிப்பு நாலு மூலையிலும் ஓட்டல் கணக்காக இறுக்கிச் செருகியிருந்தது. பென்சில் டப்பா பிரிக்காமல் அங்கேயே கிடந்தது.

"நானே பண்ணினேன் அத்தை. நாங்க வந்துட்டுப் போன தடமே தெரியாது, பாருங்க!"

முகமெல்லாம் பெருமை, சபாஷ் வாங்கக் காத்திருக்கிற பெருமை.

"ஆமாண்டா கண்ணு. தெரியவே இல்ல" என்றாள் அத்தை.

வண்டி தெருமுனை திரும்பியதும் உள்ளே ஓடினாள். கண்ணாடிக் கதவில் ஒரு விரல் தடமும் இல்லை. அறைக்குப் போய் விளக்கைப் போட்டு, தலையணையை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு முடியாவது இருக்காதா என்று.

ஒன்றுகூட இல்லை.