வட்டமாக விழுந்த துளை

என் அக்கா வீட்டு மின்விசிறி ஒன்றாம் எண்ணுக்கு மேல் சுற்றியதில்லை. புதிதாக வருபவர்கள் அது பழுதாகிவிட்டது என்று நினைப்பார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே யாராவது சுவரிலிருக்கும் குமிழைத் திருகப் போனால் அக்கா தடுத்துவிடுவாள்.

"அது இந்த வீட்டுச் சட்டம். இங்க காத்து ரேஷன்லதான் வரும்."

மாமா அதைக் கேட்டும் கேட்காததுபோல் உட்கார்ந்திருப்பார்.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் இரும்பைக் கடைவது அவர் தொழில். முன்பு ஒரு பம்ப் தொழிற்சாலையில் இருந்தார். அங்கே ஒருநாள் அவர் கடைந்துகொண்டிருந்த வார்ப்பிரும்புச் சக்கரம், லேத்தின் பிடியிலிருந்து துள்ளிப் பறந்து, பக்கத்து லேத்தில் நின்ற அவருடைய கூட்டாளியின் தோளில் விழுந்தது. கூட்டாளியை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்தக் கை தோளுக்கு மேல் எழவில்லை. சக்கரத்தை லேத்தின் பிடியில் இறுக்கமாக முடுக்கவில்லை என்று மேற்பார்வையாளர் சொன்னார். மாமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. முடுக்கினோமா இல்லையா என்பது அவருக்கே நினைவில்லை. தினமும் கை தானாகச் செய்யும் வேலையை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? கொஞ்ச நாளில் வேலையை விட்டார், வீட்டை மாற்றினார். நெட்டையைப் பார்க்கப் போகவே இல்லை. அதிலிருந்து வேகமாகச் சுற்றுவது எதுவும் அவருக்கு ஆகவில்லை.

இப்போது நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில்தான் அவரும் இருக்கிறார். பின்கட்டுப் பட்டறையில் மாதிரிகள் செய்கிறார். அங்கேயும் ஒரு லேத் உண்டு. அதை அவர் ஓட்டும் வேகத்தைப் பார்த்து, "மெதுவா ஓட்டுங்க, அது தூங்குது" என்று காவலாளி கிண்டல் செய்வார். இந்த வேலையை நான் வாங்கிக் கொடுத்ததாக உறவில் ஒரு பேச்சு இருக்கிறது. உண்மையில் அறிவிப்பைப் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். யாருக்கு எந்த நல்லது நடந்தாலும் அதன்மேல் என் படிப்பைக் கொஞ்சம் தெளித்துவிடுவார்கள். மறுக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் மறுத்ததில்லை. அது ஏன் என்று இன்னும் எனக்கே சரியாகத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு அருங்காட்சியகத்தில் ஒரு புதிய கூடம் திறப்பதாக முடிவானது. பீரங்கிக் குண்டு எப்படி உருண்டையாக இருந்து நீளமானது என்பதுதான் பொருள். காட்சிப் பலகைகளுக்கான வாசகங்களை நான் எழுத வேண்டும். ஓர் இயங்கும் மாதிரியை மாமா செய்ய வேண்டும்.

எழுதத் தொடங்கியபோது என்னை முதலில் தடுத்தது ஒரு கேள்வி. ஆளைக் கொல்வதற்கென்று செய்த ஒரு பொருளின் நேர்த்தியைப் பற்றி நான் எந்தக் குரலில் எழுதுவது? காப்பாட்சியரிடம் கேட்டேன். "முதல் வரியிலேயே அதைச் சொல்லிடும்மா. அப்புறம் நேர்த்தியைப் பத்தி நிம்மதியா எழுது" என்றார். அப்படியே செய்தேன். நிம்மதி முழுதாக வரவில்லை, வேலை நகர்ந்தது.

விஷயம் இதுதான். பழைய இரும்புக் குண்டு, குழாயின் உட்புறத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். சுடும்போது குழாய்க்குள் இங்கும் அங்கும் மோதி, கடைசியில் எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்பச் சுற்றிக்கொண்டு வெளியே போகும். போதாக்குறைக்கு, வார்க்கும்போது காற்று அடைபட்டு இரும்புக்குள் குழி விழுந்திருக்கும். வெளியே வழவழப்பாக இருக்கும் குண்டு உள்ளே ஒருபக்கம் கனத்திருக்கும், பாதை விலகும். இதைக் கண்டுபிடிக்கச் சிலர் குண்டைப் பாதரசத்தில் மிதக்கவிட்டிருக்கிறார்கள். இரும்பு பாதரசத்தில் மிதக்கும். கனமான பக்கம் தானாகக் கீழே திரும்பும். அதைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் ஒரே திசையில் இருக்கும்படி குண்டைப் போடுவார்கள்.

பிறகு குண்டை நீட்டி, முனையைக் கூராக்கினார்கள். காற்றை நன்றாகக் கிழித்தது, ஆனால் பறக்கும்போது தலைகுப்புறப் புரண்டது. அதற்குத் தீர்வாக வந்ததுதான் சுழற்சி. குழாயின் உட்சுவரில் முறுக்கிச் செல்லும் வரிப்பள்ளங்களை வெட்டினார்கள். குண்டின் உடம்பில் மென்மையான உலோகத்தில் சிறு குமிழ்களைப் பதித்தார்கள். குமிழ்கள் பள்ளங்களில் ஓட, குண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வெளியேறும். சுற்றும் பம்பரம் நிமிர்ந்து நிற்கிறதே, அதே கதைதான். குண்டு எவ்வளவு நீளமோ, முறுக்கும் அவ்வளவு கூட வேண்டும்.

மாமா செய்ய வேண்டிய மாதிரி ஒரு நீளமான கண்ணாடிப் பெட்டி. ஒரு முனையில் காற்றழுத்தத்தில் மரக்குண்டைத் தள்ளும் குழாய். மறு முனையில் சட்டத்தில் விறைப்பாக ஒட்டிய தாள். குண்டு நேராகப் போனால் தாளில் வட்டத் துளை விழும். புரண்டுகொண்டு போனால் நீளவாக்கில் கிழியும். பார்க்கிற குழந்தைக்குக்கூட விளங்கிவிடும். உருண்டைக்கு ஒரு குழாய், நீளக் குண்டுக்குப் பள்ளமில்லாத ஒன்று, வரிப்பள்ளம் உள்ள மூன்றாவது ஒன்று. மூன்றாவதில்தான் வட்டம் விழ வேண்டும்.

மூன்றாவது குழாயை மாமா வெட்டி முடித்ததும் ஒரு முனையில் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தேன். பள்ளங்கள் கிட்டத்தட்ட நேராகவே போயின.

"மாமா, முறுக்கே காணோமே."

"இருக்கு பாரு. இருக்கற அளவுக்கு இருக்கு."

"நாம வரைஞ்சதுல இதைவிட நல்லா வளைஞ்சிருந்துச்சு."

"பட்டதாரியம்மா, காகிதத்துல சுத்தினா யாருக்கும் அடிபடாது. இது மரம். ஒருபக்கம் கனத்திருந்தா அவ்வளவு வேகத்துல உதறும். உதறினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒருபக்கம் கனத்த குண்டைச் சுழற்றினால் தடுமாறத்தான் செய்யும். ஆனால் அவர் பேசியது மரத்தைப் பற்றி இல்லை என்பதும் எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் அழுத்தவில்லை. மரியாதையா, பயமா? இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சோதனையன்று மூன்றாவது குண்டு தாளில் சாய்வாக, விரல் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு போனது. மறுபடி விட்டோம். மறுபடியும் கிழிசல். காப்பாட்சியர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"திறப்பு விழாவுக்குள்ள சரியாகலன்னா இங்க ஒரு படத்தை வரைஞ்சு மாட்டிடலாம். பரவாயில்ல."

அவர் போன பிறகு மாமா பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் நான் எழுதிய பலகை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வார்ப்பிரும்புக்குள் விழும் குழியைப் பற்றியது. அவர் அதை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது நீயா எழுதினதா, எங்கயாவது இருந்ததா?"

"இருந்ததுதான் மாமா. குழி விழறது வார்ப்புல சகஜமாம்."

"சகஜம்னு எனக்கும் தெரியும். கடையும்போது எத்தனையோ தடவ குழி வாயத் திறந்திருக்கு." பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். "அன்னைக்கு அந்தச் சக்கரத்தை நான் திரும்பிப் பாக்கவே இல்ல. அவனைத் தூக்கிட்டு ஓடினேன். உள்ள குழி இருந்துச்சா, என் கைதான் தப்பா, அதைத் தோள்ல வாங்கினவன் அவன், பாத்திருந்தா அவன் ஒருத்தன்தான் பாத்திருப்பான்."

"அப்போ அவரைப் போய்க் கேக்கலாமே."

"கேக்கலாம். தெரியாம இருக்கறவரைக்கும் தப்பு பாதிப் பாதி. தெரிஞ்சா முழுசு. முழுசும் என் பக்கம் வந்துட்டா?"

அன்று மாலை அவர் வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்ட அக்கா, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"முழுசும் உங்க பக்கமே வரட்டும். வந்தா மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. எப்படியும் இதுக்கு மேல மெதுவா சுத்தறதுக்கு அந்த விசிறியில நம்பரே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். நெட்டையின் வீடு மாடியில் இருந்தது. படிக்கட்டில் இரண்டு முறை நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். செருப்பில் ஒன்றும் இல்லை. கதவு திறந்தே இருந்தது. மாமா தலையைக் குனிந்தபடி உள்ளே போனார். பின்னால் போன நான் வாசலில் கிடந்த ஏதோ ஒன்றில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு அம்மா என்று உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளேயிருந்து நல்ல உயரமான ஒருவர் எழுந்து வந்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வா. யாரோ வழி தவறி வந்துட்டாங்க. தண்ணி குடுத்து அனுப்பு."

"டேய்" என்றார் மாமா.

"டேயாவது. ஆஸ்பத்திரியில வாசலையே பாத்துட்டுப் படுத்திருந்தேன்டா. ரெண்டு பேர்கிட்ட சொல்லி அனுப்பினேன். வீட்டை மாத்திட்டுப் போயிட்டான்னு சொன்னாங்க. சரி, ஒத்தைக் கைக்காரன் உறவு வேணாம்போலன்னு நானும் விட்டுட்டேன்."

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்? என் கையாலதானே ஆச்சு."

"என்னது உன் கையாலயா?"

"முடுக்கினேனா இல்லையான்னே எனக்கு ஞாபகம் இல்ல. அதைக் கேக்கத்தான் வந்தேன். நீ அந்தச் சக்கரத்தைப் பாத்தியா?"

நெட்டை மாமாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வலிக்குதாம்மா?"

"இல்ல, பரவாயில்ல."

"எதுல இடிச்சேன்னு பாத்தியா?"

அப்போதுதான் பார்த்தேன். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுத்திருந்த உடைந்த இரும்புத் துண்டு. நெட்டை குனிந்து, நல்ல கையால் அதை எடுத்து மாமாவின் கையில் வைத்தார்.

"உன் சக்கரத்துத் துண்டுதான். தாண்டிட்டு வந்தே பாரு, மகாராசா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் கம்பெனிக் குப்பைக் குவியல்ல தேடிப் பொறுக்கிட்டு வந்தேன்."

மாமா அதைத் திருப்பினார். வெளிப்புறத்தில் லேத்தின் தாடை கவ்விப் பிடித்த தடம் ஆழமாக, தெளிவாகப் பதிந்திருந்தது. தளர்வாகப் பிடித்திருந்தால் அப்படிப் பதியாது. தடத்தின் நடுவில் இரும்பு உள்ளே நொறுங்கியிருந்தது. நொறுங்கிய இடத்தின் பின்னால் ஒரு குழி, கட்டைவிரல் நுழையும் அளவு. தாடை பிடித்த இடத்தில் இரும்பு முட்டை ஓடு போலத்தான் இருந்திருக்கிறது.

மாமா குழிக்குள் விரலை விட்டார். எடுத்தார். மறுபடி விட்டார்.

"இறுக்கமாத்தான் பிடிச்சிருந்தேன்" என்றார்.

"இறுக்கமாப் பிடிச்சதாலதான்டா உடைஞ்சுது. இதை மேற்பார்வையாளர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். எழுதினது எழுதினதுதான்னுட்டான். உனக்காவது தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

மாமா அழவில்லை. மூச்சை ஒருமுறை இழுத்து விட்டார். அந்த மூச்சு வெளியே வர நேரமானது. நெட்டையின் மனைவி தண்ணீரோடு வந்தவர், சூழ்நிலையைப் பார்த்துவிட்டு, "சாப்பாடே போட்டுடறேன்" என்று உள்ளே திரும்பிவிட்டார். சாப்பிடும்போது இருவரும் யார் யாருக்குத் தலை நரைத்தது என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள். கதவுக்கு இனி என்ன வைப்பது என்று மாமா கேட்டதற்கு, "அதை நீ எடுத்துட்டுப் போ, நான் செங்கல் வச்சுக்கறேன்" என்றார் நெட்டை.

மறுநாள் பட்டறையில் லேத் விழித்துக்கொண்ட சத்தம் கூடம்வரை கேட்டது. காவலாளி என்னவோ ஏதோ என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தார். மாமா புதுக் குழாயொன்றை எடுத்து நாங்கள் வரைந்தபடியே முறுக்கி வெட்டினார். மரக்குண்டுகளைக் கடைந்து, தொட்டித் தண்ணீரில் படுக்கவிட்டு மிதக்க வைத்தார். எந்தக் குண்டு ஒரே பக்கம் கீழே திரும்புகிறதோ அதைக் குறித்து, அந்தப் பக்கத்தை இழைத்துக் குறைத்தார். எப்படித் திருப்பிவிட்டாலும் அப்படியே கிடக்கிறவரை விடவில்லை. பாதரசம் தரமாட்டோம் என்று அலுவலகம் சொன்னதற்கு, "எனக்கெதுக்கு, மரத்துக்குத் தண்ணி போதும்" என்றார். நான் தொட்டிக்குப் பக்கத்தில் துண்டோடு நின்றேன். பட்டப்படிப்பு அன்று குண்டு துடைக்கப் பயன்பட்டது. அது குறைவாகத் தோன்றவில்லை.

திறப்பு விழாவுக்கு அக்காவும் வந்தாள், நெட்டையும் வந்தார். மாமா கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் நின்றார். நெட்டை வேண்டுமென்றே தாள் இருக்கும் முனைக்குப் போய், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அங்க நிக்காதே" என்றார் மாமா.

"நடுவுல கண்ணாடி இருக்கு. நீயும் இருக்கே. விடு."

மாமா பொத்தானை அழுத்தினார். டப் என்று ஒரு சத்தம். தாளில் வட்டமாக ஒரு துளை, குத்துக்கருவியால் எடுத்ததுபோல். காப்பாட்சியர் இம்முறை பரவாயில்லை என்று சொல்லவில்லை. கைதட்டினார். நெட்டை துளை வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல் குனிந்து, "இன்னொன்னு விடு, எதேச்சையா விழுந்திருக்கும்" என்றார். இன்னொன்றும் வட்டமாகவே விழுந்தது.

அந்த உடைந்த இரும்புத் துண்டைக் காப்பாட்சியரின் அனுமதியோடு குழியைப் பற்றிய பலகையின் கீழே வைத்திருக்கிறோம். எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. அதை எழுதாமல் விட்டது சரியா என்று சில நாட்களில் யோசிக்கிறேன். மாமாவிடம் கேட்டேன். "வர்றவங்க குழியில விரல விட்டுப் பாக்கட்டும், போதும்" என்றார்.

அன்று மாலை எல்லோரும் அக்கா வீட்டுக்குப் போனோம். புழுக்கம். நெட்டை சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு மேலே பார்த்தார்.

"என்னடா, உன் வீட்டு விசிறி இறக்கையெல்லாம் எண்ண முடியுது?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்துபோய்க் குமிழைத் திருகினார். ஒன்று, இரண்டு என்று நிதானமாகத் திருகி, கடைசி எண்ணில் நிறுத்தினார். மேசையிலிருந்த அழைப்பிதழ்களெல்லாம் பறந்து சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டன. இறக்கைகளின் மேல் இத்தனை வருடமாகப் படிந்திருந்த தூசி மொத்தமும் எங்கள் தலையில் கொட்டியது.

"துடைச்சுட்டுப் போட்டிருக்கலாம்" என்றாள் அக்கா, கண்ணைக் கசக்கிக்கொண்டே. யாரும் எழுந்துபோய் அதைக் குறைக்கவில்லை.