குசினிக் கை

உள்ளிப்பூண்டு நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதங்கும் மணம் எந்த வீட்டிலிருந்து வந்தாலும், இன்றைக்கும் எனக்குப் பசி வராது, வயிற்றெரிச்சல்தான் வரும்.

எங்கள் ஐயா கப்பலில் சமையற்காரராக இருந்தவர். எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் அது எவருக்கும் தெரியாது, ஏனென்றால் "கப்பலிலை கணக்கெழுதிற கிளாக்கர்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தவள் அம்மா. இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் அவர் வேலையை விட்டு வீடு வந்து சேர்ந்தபோது, "குசினிப் பக்கம் தலைவைச்சும் படுக்கப்படாது, குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

அந்தக் குமர்ப்பிள்ளை என் அக்கா. இணுவிலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்; மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பர்மா அரிசி நின்றுபோய், பங்கீட்டுக் கூப்பனுக்குக் "கோதம்பை மா" மட்டும் கிடைத்த நேரம் அது. பழக்கமில்லாத அந்த மாவை இடியப்பமாகப் பிழிந்த அம்மா, எல்லாம் களியாக ஒட்டிக்கொண்டதைக் கண்டு தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் பாக்கிறன், நீ கதவைச் சாத்து" என்றார் ஐயா. மாவை உப்புத் தண்ணீர் விட்டு இறுக்கிப் பிசைந்து, போத்தலால் மெல்லிசாக உருட்டி, நாடா நாடாக வெட்டி, கொதிநீரில் அவித்தெடுத்து, உள்ளியும் செத்தல் மிளகாயும் வதக்கிய எண்ணெயில் பிரட்டினார். இத்தாலித் துறைமுகம் ஒன்றில் அவர் பழகிக்கொண்ட "மக்கறோனி" அது.

வந்தவர்கள் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். சமைத்தது யாரென்று கேட்டபோது, "எங்கடை மூத்தவள்தான்" என்றாள் அம்மா. உடனே மாப்பிள்ளையின் தாய், "எங்கை பிள்ளை, எனக்கும் ஒருக்கா வெட்டிக் காட்டு" என்று அடுப்படிக்கே வந்துவிட்டாள். கூடவே மாப்பிள்ளையின் மாமனும், பின்னால் ஐயாவும். மிச்ச மா பலகையில் கிடந்தது. அக்கா கத்தியை எடுத்து வெட்டினாள், ஒரு நாடா கயிறு போலத் தடித்தது, மற்றது பிய்ந்து போனது. ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளு பிள்ளை, விரலை வெட்டப்போறாய்" என்று கத்தியை வாங்கி, அவள் முகத்தைப் பார்த்தபடியே டக்டக்கென்று வெட்டித் தள்ளினார். பலகையை அவர் பார்க்கவேயில்லை. அத்தனை நாடாவும் ஒரே அகலம்.

மாமன்காரன் சிரித்தான். "கிளாக்கர் எண்டால் பேனையெல்லோ பிடிச்சிருக்க வேணும்? உது குசினிக் கை."

வெற்றிலைத் தட்டத்தைத் தொடாமலே எழுந்து போனார்கள். மறுநாள், "குசினிக்காரன்ரை பெட்டை எங்களுக்குச் சரிவராது" என்று ஆள் வந்து சொன்னது. தின்ற வாய் காயவில்லை, அதற்குள் அந்தப் பேச்சு! கதை ஊரெல்லாம் பரவியபின் அக்காவைப் பார்க்க வேறு எவரும் வரவில்லை. "அந்தக் கையாலை என்ரை பிள்ளையின்ரை வாழ்வையெல்லோ வெட்டிப் போட்டியள்" என்று அம்மா சாகும்வரை சொன்னாள், தான் சொன்ன பொய்யைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. ஐயா அதன்பின் ஒரு வெங்காயம்கூட வெட்டியதில்லை. அக்கா மட்டும் அவரை ஒரு சொல் சொல்லாமல் கடைசிவரை சோறு போட்டாள். கன்னியாகவே இருந்து, போன வருடம் கண்ணை மூடினாள்.

சென்ற மாதம் இணுவிலில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை அந்த வாத்தியாரின் பேரன் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. "பொடியன் இத்தாலியிலை, பெரிய ஹோட்டலிலை தலைமைக் குசினிக்காரன்" என்று பெண்வீட்டார் வாய்நிறையச் சொல்லித் திரிந்தார்கள். எங்கள் வீட்டை மூடிய அந்த வெட்கம் எங்கே போய்த் தொலைந்தது? அக்கா இருந்திருந்தால் அவளிடமாவது கேட்டிருப்பேன்.

ஒரு பிள்ளை சிரித்த முகத்தோடு வெற்றிலைத் தட்டத்தை என் முன்னால் நீட்டியது. நான் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.