ஆணியில் ஆடிய சாவி

எனக்குப் பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. என் மாமியார் சுற்றிப் போட்ட எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கி ஊறுகாய் போட்டவள் நான், ஊரைக் கேட்டுப் பார். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் தம்பி, நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் எழுந்து போ.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இதே வீடுதான். எங்கள் தெருவுக்குக் கரெண்டு வந்த புதிது. என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் டிராக்டர் ஓட்டுவார். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பச்சிலை வைத்தியரைக் கூட்டிவர ஆள் போயிருக்கும்போதே, விழுந்த அந்தக் கை தானாக வெட்டி இழுக்க ஆரம்பித்தது, பிறகு உடம்பு முழுக்க வெட்டியது, நினைவே இல்லை.

மாமியார் ஓடிப்போய், வாசற்கதவு பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்த பெரிய இரும்புச் சாவியை எடுத்துவந்து அந்தக் கையில் திணித்தார். வலிப்பு வந்தால் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். ஆனால் இது நிற்கவில்லை. கொஞ்சம் ஓய்கிற மாதிரி இருக்கும், கண் திறக்காது, மறுபடி வெட்டும்.

"இரும்பு கையில கீது. அது தானா வுடற வரைக்கும் ஆள அசைக்காதீங்கடா!" என்றார் மாமியார். ஓடிவந்த தெரு ஆம்பிளைகள் எல்லாம் கைகட்டி நின்றார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"ஆளு பூடுவாரு, இன்னாடா வேடிக்க பாத்துக்கினு கீறீங்க? தூக்குங்கடா!" என்று கத்தி, ரைஸ்மில்காரர் காரை வரவழைத்து ஏற்றினேன். மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டார். வழியெல்லாம் அந்தக் கையை என் மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். சாவி உள்ளே இருந்தது, என் விரலில் குத்திக்கொண்டே வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கும்மா. கை விழுந்ததும் அதனாலதான், வலிப்பும் அதனாலதான். இவ்வளவு நேரமா விட்டு வெப்பீங்க?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் எரிந்து விழுந்தார். ஊசி போட்டார்கள். நெடுநேரம் கழித்து வெட்டு அடங்கியது. விரல்கள் விரிந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. சாவிப் பல்லின் தடம் மட்டும் உள்ளங்கையில் பதிந்து கிடந்தது.

கட்டிலடியில் தேடினோம், காரைக் குடைந்து பார்த்தோம். மறுநாள் மாமியார் சோறு கொண்டுவந்தபோது கேட்டேன்.

"சாவியா? ஆணியிலதான் கீது. கார் கெளம்பிப் போனதும் பாத்தேனே. நீதான் மாட்டிட்டுப் போனேன்னு நெனச்சேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் பிழைத்து வந்தார். கை மட்டும் வரவே இல்லை. மாத்திரை போட்டும் அவ்வப்போது வலிப்பு வரும், வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆணியில் அந்தச் சாவி ஆடும். காற்றே இருக்காது. முதல் தடவை எலி என்று திட்டினேன், அடுத்த தடவை கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன், அப்போதும் ஆடியது. அப்புறம் சாவி ஆடினால் போதும், அடுப்பில் இருப்பது கருகினாலும் கருகட்டும் என்று ஓடிப்போய் அவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பேன். ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

கடைசியில் அவர் போனது காய்ச்சலில். அன்றைக்கு அது ஆடவில்லை. அதற்குப் பிறகும் ஆடவில்லை. கதவை மாற்றினோம், பூட்டு போயிற்று, சாவியைத் தூக்கிப் போட மட்டும் மனசு வரவில்லை, அதே ஆணியில்தான் தொங்குகிறது.

நீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஃபேன்கூடப் போடவில்லை. சாவி ஆடியது. வீட்டில் இப்போது நான் ஒருத்திதான். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போயேன் தம்பி.