பைப்படிக் கதாநாயகி

நான் கதாநாயகியாக நடித்தது ஒரே ஒரு படத்தில்தான். ஓடி முடிய ஒரு நிமிடம்கூட ஆகாத படம். வசனம் கிடையாது, மாமா எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஒரு நாதஸ்வர இசை மட்டும் உண்டு. அதைப் பார்த்த அத்தனை பேரும் என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். அப்போது ஏழு வயதாயிருந்த எனக்கு அது தாங்க முடியாத அவமானம்.

அக்கரப்பத்தனையிலிருந்து டயகம போகும் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. எங்களுடையது நடுவில். லயத்தின் பின்பக்கம் எல்லோருக்கும் பொதுவான ஒரு தண்ணீர்க் குழாய், அதுதான் பைப்படி. அதைத் தாண்டினால் கடைசிக் காம்பராவின் பின்வாசல். அதற்கு மேலே செங்குத்தாக ஒரு மேடு, மேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சவுக்கு மரங்கள்.

அப்பா கட்டட வேலைக்குக் கட்டாருக்குப் போனபோது நான் இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. போகும்போது அம்மாவிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டாராம். “நான் திரும்பி வரும்போது எம் புள்ளய எனக்கே அடையாளம் தெரியாமப் போயிறக் கூடாது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பைப்புக்குப் பக்கத்துல நிப்பாட்டி ஒரு படம் எடுத்து அனுப்பு. ஒரே எடத்துல நின்னாத்தான் வளர்றது தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை இல்லை. அம்மா என்னைக் குளிப்பாட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, முகம் வெள்ளையாகத் தெரியும்வரை பவுடர் அப்பி, பைப்புக்குப் பக்கத்தில் நிறுத்துவார். தான் சமையல் நடக்கும் எங்கள் குசினியின் வாசற்படியில் ஏறி நின்று போனைப் பிடிப்பார். அது அப்பா விட்டுவிட்டுப் போன பழைய போன். வீடியோ எடுத்தால் சூடாகி அணைந்துவிடும். அப்படியே எடுத்தாலும் அதை அனுப்புகிற அளவுக்குச் சிக்னல் எங்கள் மலைக்கு ஏறி வந்ததில்லை. ஆகவே படம் மட்டும்தான், வாரத்துக்கு ஒன்று. முதலில் குழாயின் வாய் என் மூக்குக்கு நேராக இருந்தது. பிறகு தாடைக்கு வந்தது. காய்ச்சலில் போர்வையோடு நின்ற படம் உண்டு, முன்பல் விழுந்த வாரத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்ற படமும் உண்டு. மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அம்மா ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. கொழுந்து பறித்து ஓய்ந்த கைகளுக்கு இருந்த ஒரே ஓய்வு நாளில் அவர் இதைச் செய்தார் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அப்பா பார்க்கிறார், நான் நிற்கிறேன், அவ்வளவுதான்.

கடைசிக் காம்பராச் சித்திக்கு மட்டும் இந்த வைபவம் பிடிக்காது. அவர் சொந்தச் சித்தி இல்லை. லயத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. அவர் தண்ணீர் பிடிக்க வரும் நேரமும் நான் பவுடரோடு நிற்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடும். வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, “என்னா, மகாராணி இன்னும் சிரிச்சு முடிக்கலயா? அடுப்புல ஒல கெடக்குங்கக்கா, சீக்கிரம் எடுங்க” என்பார். நான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் சிரிப்பேன். இடையில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அதன்பிறகு வாளியோடு அவசரமும் கூடிவிட்டது என்பதைத் தவிர எனக்கு அந்தப் பிள்ளையின் மேல் வேறு அக்கறை இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் போன் கடையில் வேலை செய்தார். சித்திரை வருடப் பிறப்புக்குக் கடை மூடியபோது, நானாவிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பழைய லெப்டொப் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மாவின் போனிலிருந்து என் படங்கள் அனைத்தையும் அதில் இறக்கினார். எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வேகமாக ஓட்டினால் சினிமாவாகிவிடுமாம். வருடப் பிறப்புப் பரிசாக அதை அப்பாவுக்கு அனுப்பப் போகிறாராம். “ஒக்காந்த எடத்துலேயே மச்சான் இவ வளர்றதப் பாக்கலாம்” என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முன்திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரித்து நாள் முழுக்க உட்கார்ந்து செய்தார். அம்மா ஒவ்வொரு வாரமும் ஒரே படியில் நின்றாலும் படம் கொஞ்சம் அப்படி இப்படித்தான் விழுந்திருந்தது. அப்படியே ஓட்டினால் கண் கூசும் என்று, ஒவ்வொரு படத்திலும் பைப்பை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து பொருத்தினார். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவர் முதுகில் தொங்கினோம். எனக்கு மட்டும் முன்வரிசை.

கடைசியில் பொத்தானை அழுத்தினார். நாதஸ்வரம் முழங்கியது. நான் திரையில் தோன்றினேன், உடனே சிறுக்க ஆரம்பித்தேன். விழுந்த பல் வாய்க்குள் திரும்பி வந்தது. பின்னல் குட்டையானது. ஐந்தாறு பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போனிலிருந்து கடைசிப் படம் முதலாகவும் முதல் படம் கடைசியாகவும் வந்திருந்ததை மாமா கவனிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. மாமா அசடு வழிய, “இருங்க இருங்க, மாத்திப் போடுறேன்” என்றார்.

சிரிக்காதவர் அம்மா ஒருவர்தான். தேநீர்க் கோப்பையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தவர், “மாத்தாத தம்பி. திரும்பப் போடு” என்றார்.

“இது தப்புங்கக்கா.”

“தப்பையே போடுன்னு சொல்றேன்ல.”

மாமா மறுபடி போட்டார். நான் மறுபடி சிறுத்தேன். அம்மா குனிந்து திரைக்கு அருகில் வந்தார். என் முகத்தைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

“அந்த மரம் நிமிருதுடா” என்றார் அம்மா.

மாமா வரிசையைச் சரியாக மாற்றி ஓட்டினார். இந்தமுறை நான் அழகாக வளர்ந்தேன். என் தலைக்குப் பின்னால், மேட்டில், முதலில் இரண்டு சவுக்கும் நேராக நின்றன. அவற்றின் நடுவே ஒரு துண்டு வானம் தெரிந்தது. நான் வளர வளர அந்த வானம் மெலிந்தது. வலப்பக்கத்து மரம் மெல்ல மெல்ல மற்றதை மறைத்துக்கொண்டு லயத்தின் மேல் சாய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் வானத்தைக் காணோம். மரத்தின் அடியில், மழைத் தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானும் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது.

“ஒங்க கை ஆடியிருக்குங்கக்கா” என்றார் மாமா.

“கை ஆடியிருந்தா பைப்பும்ல ஆடணும்?”

மாமா திரும்பத் திரையைப் பார்த்தார். பைப்பை ஒரே இடத்தில் பொருத்தி, கை ஆடியதையெல்லாம் சரிசெய்ததே அவர்தான். எல்லோரும் எழுந்து பின்பக்கம் ஓடினார்கள். மரம் என்றும் நிற்பதுபோலத்தான் நின்றது. அதன் கீழேயே தினமும் துணி துவைத்துப் பாத்திரம் கழுவிய யாருக்கும் அது முன்பு எப்படி நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. கடைசிக் காம்பராவில் கதவு சாத்த முடியவில்லை, தரை வெடித்திருக்கிறது என்று சித்தி முன்பே முறையிட்டிருந்தார். தோட்ட நிர்வாகத்தில் வந்து சீமெந்து பூசிவிட்டு, பழைய லயம் என்றால் அப்படித்தான் என்று போய்விட்டார்கள்.

நான் காலியான இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை அப்பா அழைத்தார். அம்மாவின் போனில் ஏற்றி, சிக்னல் கிடைக்கும் ரோட்டுவரை நடந்துபோய் மாமா அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டாராம். நான் வளர்ந்ததைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். “அம்மாக்கிட்ட குடு சாமி, சீக்கிரம் குடு” என்றார். அன்று நான் பலகாரத் தட்டைத் தொடவில்லை. தொட வைக்கவும் யாரும் முயலவில்லை.

மறுபடி வேலை தொடங்கிய நாளில் அம்மாவும் மாமாவும் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். படத்தில் இருப்பவள் வராமல் எப்படி என்று வருடப் பிறப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நானும் போனேன். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முதலில் பார்த்தார். “பர்த்டேக்குச் செஞ்சதா? ஷோக்கா இருக்கே” என்றார். என் திறமையை உணர்ந்த முதல் மனிதர். அவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

பிறகு தோட்டத்தை நடத்தும் தொரையை அழைத்தார்கள். அவர் சிங்களவர், ஓரளவு தமிழ் பேசுவார். ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை போடச் சொன்னார். மூன்றாவது முறை, தன் உள்ளங்கையை நீட்டித் திரையில் நான் நின்ற இடத்தை அப்படியே மறைத்துவிட்டுப் பின்னால் இருந்த மேட்டை மட்டும் பார்த்தார். என்னைத்தான், உள்ளங்கையால்! அந்தக் கை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்று அதன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்று அதே கையை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். ஒரு கொழுந்துக்காரி கொண்டுவந்த பிள்ளை விளையாட்டு என்று சிரித்து அனுப்பியிருந்தால் அவரை யார் கேட்டிருக்க முடியும்? அவர் கையை எடுத்ததும், “அந்தப் பக்கத்தில எத்தன பேர் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

நுவரெலியாவிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். மேட்டில் ஏறி, மண்ணைத் தோண்டிப் பார்த்து, மழைக்கு முன் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடத்தில் எங்களை இருத்தினார்கள். சேலையால் மறைப்புக் கட்டிக் குடும்பத்துக்கு ஒரு மூலை. எங்களுக்கு அது கொண்டாட்டம். பெரியவர்களுக்கு அப்படி இல்லை. கோழிகள் அங்கே, மரக்கறித் தோட்டம் அங்கே, சாமி படம்கூட அங்கே. மழையோ வருவதாக இல்லை. வெயில் பளிச்சென்று அடித்தது. பகலில் போய்ச் சமைத்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். அம்மாவின் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். மரம் விழாவிட்டால் அம்மா அந்தத் தோட்டத்தில் தலைகாட்ட முடியாது என்ற நிலைமை. அம்மா மலையிலிருந்து வந்தால் எங்கள் மூலைக்குள் போய்ச் சேலை மறைப்பை இழுத்துவிட்டுக்கொள்வார்.

எல்லோரிலும் அதிகம் பேசியவர் கடைசிக் காம்பராச் சித்திதான். “ஒரு புள்ள சிரிச்ச படத்த வச்சிக்கிட்டு லயத்தையே காலி பண்ண வச்சிட்டாங்க” என்பார். கடைசியில் மழை பிடித்தது. பழைய கட்டடத்தின் கூரை ஒழுகி, அவருடைய பிள்ளை நனைந்து இருமத் தொடங்கியது. விடிந்ததும் சித்தி மூட்டையைக் கட்டினார். சொந்தக் காம்பராவில் ஒழுகாது, நான் போகிறேன் என்றார்.

அம்மா எழுந்து போய் அந்தப் பிள்ளையைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“நீ போறதுன்னா போ. புள்ளயக் குடுக்க மாட்டேன்.”

“எம் புள்ளயக் குடுக்க மாட்டேன்னு சொல்ல நீங்க யாரு?”

“யாராவும் இருந்துட்டுப் போறேன். குடுக்க மாட்டேன்.”

இரண்டு பேரும் கத்திய கத்தலில் கட்டடமே கூடிவிட்டது. நான் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சித்தி அழுதார், திட்டினார், மண்ணை வாரித் தூற்றாத குறை. அம்மா அசையவில்லை. பிள்ளை அம்மாவின் தோளிலேயே தூங்கிப்போனது. சித்தி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அன்று அம்மா வேலைக்கும் போகவில்லை.

மத்தியானம் சோறு தின்றுகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. லொறி ஒன்று நிறையக் கல்லைக் கொட்டுவதுபோல, ஆனால் கொட்டி முடியாமல். பெரியவர்கள் சோற்றுக் கையோடு மழையில் ஓடினார்கள். பிறகு நானும் பார்த்தேன். லயத்தின் பாதி இல்லை. பைப்படி இருந்த இடத்தில் சேறும் தேயிலைச் செடிகளும் ஒரு சவுக்கின் வேரும் கிடந்தன. கடைசிக் காம்பரா இருந்த இடம் எது என்றே தெரியவில்லை. உள்ளே ஒருவரும் இல்லை.

அன்று மாலை என் வாழ்நாள் ஆசை நிறைவேறியது. ஒவ்வொருவராக வந்து அம்மாவின் போனில் என் படத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். பார்த்தவர்களே மறுபடி பார்த்தார்கள். என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார்கள். தாமதமானாலும் புகழ் வந்துவிட்டது என்று நான் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டேன்.

சித்தி கடைசியாக வந்தார். அவர் அதுவரை அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, போனை முகத்துக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். முடிந்ததும் திரும்பப் போட்டார். எத்தனை முறை என்று தெரியாது. அவர் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து போனில் சொட்டியது. என்னை அவ்வளவு கேலி செய்தவர் அழுகிறாரே என்று எனக்கே பாவமாகிவிட்டது.

“நான் நல்லா வளர்ந்திருக்கேனா சித்தி?” என்று கேட்டேன்.

அவர் என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “வளருடி தங்கம். நீ நூறு வருசம் வளரு” என்றார். எனக்கு மனம் நிறைந்துபோனது. மரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான் என்று நினைத்தேன்.

அப்படித்தான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வளர்ந்த பிறகு ஒருநாள், என்னை விட்டுவிட்டு அதன் ஓரங்களைப் பார்த்தேன். இடது ஓரத்தில் கடைசிக் காம்பராவின் பின்வாசல் தெரிகிறது. முதலில் அங்கே ஒன்றும் இல்லை. பிறகு கொடியில் சின்னச் சின்னத் துணிகள் காய்கின்றன. பிறகு, கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில், அந்த வாசற்படியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. அவன் தலைக்கு நேர் மேலே, வாரா வாரம் இன்னும் கொஞ்சம், அந்த மரம் குனிந்துகொண்டே வருகிறது.