சுவரில் எழுதியிருந்த மூன்றடி

இருளாண்டி அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது என் பேருந்து சிம்மக்கல்லில் நின்றுகொண்டிருந்தது. வைகையில் தண்ணீர் அதிகமாகி, கரையோரச் சாலையை மூடியிருந்தார்கள். ஆனையூரில் இருந்த அவர் வீட்டுக்கு ஊரைச் சுற்றித்தான் போக முடிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நம் டிப்போவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. பதினோரு வருடம் அவர் ஓட்டுநர், நான் அவருடைய நடத்துநர். சாலையில் தண்ணீர் நின்றால் வண்டியை ஓரங்கட்டி, பேண்ட்டை மடித்துவிட்டு அவரே இறங்கி நடந்து பார்ப்பார். முழங்காலுக்கு மேல் என்றால் திருப்பிவிடுவார். பயணிகள் கத்தினாலும் காதில் வாங்கமாட்டார். "மேல நின்னு பாத்தா எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பரங்குன்றம் போகிற வழியில் ரயில்வே சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நின்றது. அண்ணனுக்குப் பாதத்தில் சர்க்கரைப் புண், கட்டுப் போட்டிருந்தார். நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன். ஆனால் தண்ணீரில் இறங்கவில்லை. போட்டிருந்தது புதுப் பேண்ட் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. ஆழம் தெரிவதற்காகச் சுவரில் பெயின்ட்டால் அடிக்கணக்கு எழுதியிருப்பார்களே, அதில் தண்ணீர் மூன்றைத் தொட்டிருந்தது. "இறங்கிப் பார்த்தேன், மூன்றடி" என்று அண்ணனிடம் வந்து சொன்னேன். வண்டி திரும்பியது.

ஹால்டிக்கெட்டோடு ஒரு பெண் எழுந்து வந்தாள். அரசு வேலைக்கான தேர்வு. வயது வரம்புப்படி அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு.

"ஒம்பது மணிக்குக் கேட்டப் பூட்டிருவாகண்ணே" என்றாள்.

சுற்றிப் போன சாலையில் மரம் விழுந்து கிடந்தது. நாங்கள் போனபோது கேட்டைப் பூட்டியிருந்தார்கள். அவள் அழவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது பார்த்தால், சுவரில் தண்ணீர் அதே மூன்றில் நிற்கிறது, இன்னொரு டவுன் பஸ் சாவகாசமாக அதற்குள் போகிறது. தார் மேல் தார் போட்டுச் சாலையை ஒன்றரை அடி உயர்த்திவிட்டார்கள். சுவரில் இருந்தவை பழைய எண்கள். உண்மையில் நின்றது முழங்கால் தண்ணீர்தான்.

பெண்ணின் அப்பா புகார் கொடுத்தார். விசாரணையில் அண்ணன், தானே இறங்கிப் பார்த்ததாக எழுதிக் கொடுத்தார். அவரை அந்த வழித்தடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து டிப்போவில் அவருக்கு 'மூணடி' என்று பெயர் வைத்துச் சிரித்தோம். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்.

"ஒன் பேண்ட்டு காஞ்சு கெடந்தத அப்பவே பாத்துட்டேன் மாப்ள. பாத்துட்டும் நான் எறங்கல. கால் வலின்னு இருந்துட்டேன். அம்புட்டுத்தான்" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை இப்போது என்ன செய்கிறதோ என்று கேட்டார்.

அவருடைய பணி ஓய்வு விழாவில்கூட நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. அன்று தண்ணீரைப் பார்க்கப் போனவன் நான். இறங்காமலே பொய் சொன்னவனும் நான். அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பெயரைத்தான். இனி டிப்போவில் யாராவது மூணடி என்று கூப்பிட்டால், நான் திரும்பிப் பார்ப்பேன்.