இருசம்மாளின் சாமித் தெலுங்கு

எங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் தெலுங்கு தெரிந்தவள் இருசம்மாள் ஒருத்திதான். அவளுடைய கொள்ளுத்தாத்தா அம்மனையும் பெண்டாட்டியையும் ஒரே படகில் ஏற்றிக்கொண்டு வடக்கேயிருந்து வந்தவர். வழியில் புயலடித்தபோது இருவரில் யாரை இறக்கிவிடுவது என்று மூன்று நாள் யோசித்தாராம். நான்கு தலைமுறையில் அவர் கொண்டுவந்த பேச்செல்லாம் கரைந்துபோயிற்று. 'நைனா'வும் சில வசவுகளும் போக, ஒரே ஒரு வாக்கியம் முழுசாகப் பிழைத்தது. அதுவும் ஆடித் திருவிழாவில் சாமியாடி அங்கமுத்துமேல் அம்மன் இறங்கும்போது மட்டும் வெளியே வரும்: "பில்லி ஒச்சிந்தி, மூத்த பெட்டு!"

அவன் அப்பனும் சாமியாடி இதையேதான் சொன்னான். இருவருக்கும் அர்த்தம் தெரியாது. அர்த்தம் சொல்வது இருசம்மாள். ஊருக்குள் பில்லிசூனியம் வந்திருக்கிறது. வைத்தவன் ஒரு மூத்தவன். எந்த மூத்தவன் என்பது, அந்த வருஷம் அவள் யாரோடு பேசவில்லை என்பதைப் பொறுத்தது. மாட்டியவர் ஒரு மாதம் ஏரியில் வலை போடக்கூடாது.

போன ஆடியில் அவள் விரல் கிழவர் திருவேங்கடத்தின்மேல் நின்றது. அவர் வீட்டுக் கோழி இவள் கருவாட்டைக் கொத்தியிருந்தது. ஒற்றை வலையில் ஐந்து பேர் சாப்பிடும் வீடு.

அவருடைய புது மருமகள் ஐஸ்வர்யா, ஆந்திராப் பக்கத்துச் சூளூர்ப்பேட்டைக்காரி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருசம்மாளிடம் வந்தாள்.

"அத்த, எங்கூர்ல பில்லின்னா பூனை. மூத்தன்னா மூடி. பூனை வந்துடுச்சி, மூடி போடுன்னு சொல்றாங்க அம்மன்."

எல்லோரும் படையலைத் திரும்பிப் பார்த்தார்கள். மீன்குழம்புச் சட்டிக்குள் ஒரு பூனை கழுத்துவரை இருந்தது. பாவம் அம்மன், நான்கு தலைமுறையாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள்.

"உன்னுது இஸ்கூல் தெலுங்கு, சாமி பேசறது வேற" என்றாள் இருசம்மாள். கேட்க ஆளில்லை. அம்மன் இறங்கிய அங்கமுத்துவே துடைப்பத்தோடு பூனையைத் துரத்திக்கொண்டிருந்தான். மறுநாள் விடியலில் திருவேங்கடம் வலையோடு ஏரிக்குப் போனார்.

இந்த ஆடிக்கு முன்னால் இருசம்மாள் ஐஸ்வர்யாவின் வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொரு வரி கத்துக்குடும்மா. யாருக்கும் புரியாத மாதிரி."

தருவதாகச் சொன்ன ஐஸ்வர்யா, அதற்குமுன் பூனைக்குத் தெலுங்கில் என்ன என்று மட்டும் கோயில் வாசலில் நின்று ஊர் கேட்கச் சொல்லச் சொன்னாள்.

இருசம்மாள் இப்போதெல்லாம் தமிழில்தான் பேசுகிறாள்.