நாலு கம்பிக் குளவி

மிதித்தால் சத்தம் பெரிதாகும் என்று நம்பினேன். என் வாழ்க்கையின் மிகப் பெரிய முட்டாள்தனம் அதுதான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் அதே வயதில், நடு வகிடு எடுத்தால் மூக்கு சின்னதாகத் தெரியும் என்றும் நம்பியிருந்தேன். அதையாவது சீப்பை வைத்துச் சரிசெய்துகொள்ள முடிந்தது.

நான் மிதிக்க நினைத்தது ஒரு டிஸ்டார்ஷன் பெடல். சோப்புப் பெட்டி அளவுக்கு இரும்பில் ஒரு சாமான். கித்தாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஒயரில் மாட்டித் தரையில் வைப்பார்கள். காலால் அமுக்கினால் கித்தார் சத்தம் கிழிந்து, கரகரத்து, உறுமிக்கொண்டு வெளியே வரும். லீட் கித்தார்காரர்கள் வைத்திருப்பது. நான் பேஸ் கித்தார்காரன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், தம்பினுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். காலையில் பால் எடுக்க மரம் வெட்டுவேன், சாயங்காலம் பேண்டில் வாசிப்பேன். பேண்டில் ஆறு பேர். தலைவர் எங்கள் தோட்டத்து ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. கீபோர்டும் அவர்தான். லீட் கித்தார் ஒருவன், சிரம்பான் டவுனிலிருந்து வரும் டிரம்ஸ்காரன் ஒருவன், பாடுவதற்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும், பிறகு நான். எந்தக் கல்யாணத்திலும் எங்களை அறிமுகம் செய்தவர்கள் அந்த 'பிறகு' வருவதற்குள் மைக்கைக் கீழே வைத்துவிடுவார்கள்.

லீட்டுக்கு ஆறு கம்பி. பேஸுக்கு நாலு. இது ஒன்று போதாதா எங்கள் தோட்டத்துக்கு?

"ஏண்டா, மிச்ச ரெண்டு கம்பி அறுந்துபோச்சா?"

"படிச்சு பாஸ் பண்ணுனா அந்த ரெண்டையும் குடுப்பாங்க லா."

என் சொந்த அத்தை, நல்ல மனசுக்காரி, என் தலையைத் தடவி, "முழு கித்தார் எப்பய்யா வாசிக்கப்போற?" என்று கேட்டார். அவரிடம் கோபப்பட முடியாது. அதனால் அந்தக் கோபத்தையும் சேர்த்து மற்றவர்கள்மேல் வைத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. ஒரு பாட்டுக்கு எலும்பு எது என்று தெரியாத சனம், கம்பியை எண்ணிக்கொண்டிருந்தது!

ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் தலைவர் எல்லாரையும் உட்காரச் சொன்னார். "சிரம்பான்ல போட்டி வருது. மேடைக்கு அஞ்சு பேருதான்னு ரூல்ஸ்ல போட்டிருக்கான். நாம ஆறு பேரு. ஒருத்தரு நின்னுக்கணும்." பிறகு காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி விரல் விட ஆரம்பித்தார். "பாடுறவங்கள நிறுத்த முடியாது. டிரம்ஸ் இல்லாம ஏற முடியாது. லீட் இல்லாட்டி ஒருத்தனும் விசிலடிக்க மாட்டான். கீபோர்டு நானு." கடைசி விரல் என்னைப் பார்த்தது. "உன் சவுண்டு கொசோங் லா, தம்பி."

மலாயில் கொசோங் என்றால் காலி. பூஜ்யம். மூன்று வருடம் விரல் காய்க்க வாசித்ததற்கு மார்க்.

"அண்ணே, பேஸுன்னா அப்படித்தாண்ணே. கேக்காது. ஆனா இல்லாட்டி தெரியும்."

"இருக்கும்போதே தெரியணும்டா. வர்ற ஞாயிறு இங்க டேவான்ல கல்யாணம் வாசிக்கிறோம்ல? அன்னிக்குப் பாக்குறேன். நீ இருக்கறது எனக்குத் தெரியணும். தெரியலன்னா நீ நின்னுக்க."

சரி, தெரிய வைக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். லீட்காரன் பெடலை மிதித்தால் போதும், தோட்டத்துப் பெண்கள் ஜன்னல் பக்கம் வருவார்கள். அவனுக்கு மிதிக்கத் தெரிந்தால் எனக்கும் கால் இருக்கிறது. சனிக்கிழமை பஸ் பிடித்து சிரம்பான் போனேன். கித்தார் கடை முதலாளி, தவுக்கே, என் முதுகிலிருந்த நீளமான பேஸ் உறையைப் பார்த்தார், நான் கையில் எடுத்த ஆரஞ்சு நிறப் பெட்டியைப் பார்த்தார். "இனி லீட் புன்யா," என்றார். இது லீட்டுக்கு உள்ளது. பேஸுக்குப் போட்டால் சத்தம் 'ஹிலாங்', காணாமல் போய்விடும் என்று கையை விரித்தும் காட்டினார். நான் சிரித்தேன். என்னைக் கொசோங் என்று சொன்னவர்கள் வரிசையில் இந்த ஆளும் ஒருவர் என்று முடிவு செய்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு உண்மையைச் சொன்னவர் அந்த ஒரு மனிதர்தான். அவரைத்தான் பஸ்ஸில் வழி நெடுகத் திட்டினேன்.

முன்கூட்டியே வாசித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கடையில் கேட்க ரோஷம் விடவில்லை, எங்கள் ஆம்ப்ளிஃபையரோ தலைவர் வீட்டில் இருந்தது. அவருக்கே அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்பது என் திட்டம். திட்டம்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தோட்டத்து மண்டபமான டேவான் நிறைய சனம். பெண் எங்கள் தோட்டம், மாப்பிள்ளை கெமாஸ் பக்கம். மணவறையில் ஜோடி உட்கார்ந்திருந்தது, மூன்றாவது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டில், பாடகர் மூச்சு வாங்குகிற இடம் ஒன்று வந்தது. தலைவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போல. வால்யூமைக் கடைசிவரை திருப்பிவிட்டு மிதித்தேன்.

உறுமல் வரவில்லை. அடியில் இருந்த கனம் மொத்தத்தையும் அந்தப் பெட்டி விழுங்கிவிட்டு, மிச்சத்தை மூக்கு வழியாக வெளியே விட்டது. ஙொய்ய்ய்ய்ய் என்று ஒரு சத்தம். மெல்லியதாக, பரவலாக, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத மாதிரி, கூரையெல்லாம் நிறைந்து நின்றது.

பந்தியின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "ஐயோ, குளவீஈஈ!"

ரப்பர் காட்டில் வேலை செய்யாதவர்களுக்கு இது புரியாது. எங்களுக்குப் புலி பயம் கிடையாது, பாம்பு பயம் பாதி. குளவிக்கு மட்டும் யாரும் யோசிக்க மாட்டார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் தலையை மூடிக் குப்புறப் படுக்க வேண்டும், அசையக் கூடாது. நின்று பார்த்தவனுக்கு முகம் இருக்காது. ஒரே நொடியில் டேவான் மொத்தமும் தரையில் கிடந்தது. சேலை முந்தானைகள், துண்டுகள், மேசை விரிப்பு, எது கையில் கிடைத்ததோ அது தலைமேல். மாப்பிள்ளை பெண்ணின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டார். பெண்ணுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. தலைவர் கீபோர்டுக்கு அடியில் போய்விட்டார்.

பேஸ்காரன் என்ன செய்தான்? சத்தத்தை உண்டாக்கியவன், காலடியில் ஆரஞ்சுப் பெட்டி வைத்திருந்தவன், உலகத்திலேயே அது குளவி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள்? அவனும் குப்புறப் படுத்துவிட்டான். கித்தாரோடு. உடம்பு மரவெட்டுக்காரனுடையது, அது என்னைக் கேட்கவில்லை. கண்ணை இறுக்க மூடி, 'மாரியாத்தா, மூஞ்சி வேண்டாம் தாயே, முதுகுல கொட்டச் சொல்லு' என்று வேண்டிக்கொண்டேன்.

இதில்தான் விவகாரமே. நான் படுத்தது நாலு கம்பிக்கு மேலே. கம்பிகள் மேடைப் பலகையில் உரசிக்கொண்டிருந்தன. பெடல் அமுக்கியபடியே இருந்தது. நான் நடுங்க நடுங்க, சத்தம் ஏறியது. சத்தம் ஏற ஏற, நான் நடுங்கினேன். குளவி போகவில்லை என்று எல்லாரும் படுத்தே கிடந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் தவழ்ந்து போய்த் தேங்காய் மட்டையைக் கொளுத்திக் கதவு பக்கம் போட்டார், குளவியை விரட்ட. டேவான் முழுக்கப் புகை. ஒரு கல்யாண மண்டபம் நிறைய மனிதர்கள் என் வயிற்றுக்கு அடியில் இருந்த ஒரு கித்தாருக்காக இருமிக்கொண்டு கிடந்தார்கள்.

எழுந்து நின்றவன் டிரம்ஸ்காரன் மட்டும்தான். டவுன்காரன், குளவியைப் படத்தில் பார்த்தவன். "என்னா லா எல்லாருக்கும்? மயக்கமா?" என்று கேட்டுக்கொண்டே வந்து, ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைப் பிடுங்கினான். குளவி நின்றது.

அந்த அமைதியில் ஒவ்வொரு தலையாக எழுந்து, முதலில் கூரையையும், பிறகு பிளக்கையும், கடைசியில் என்னையும் பார்த்தது. நான் இன்னும் படுத்திருந்தேன்.

பெண்ணின் மாமா மேடை ஏறி வந்தார். "எந்திரி." எழுந்தேன். "இது என்னாடா சாமான்?"

"பெடல், மாமா. சவுண்டுக்கு."

"சவுண்டுக்கா? என் சம்பந்தி சாம்பார்ல படுத்திருக்காருடா!"

படுத்துத்தான் இருந்தார்.

சாமான்களை லாரியில் ஏற்றும்போது தலைவர் பக்கத்தில் வந்தார். சட்டையெல்லாம் புகை நாற்றம். "இப்ப நீ இருக்கறது தெரிஞ்சுது லா," என்றார். ஒரு முட்டாள் நொடிக்கு அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் மேலே சொன்னார்: "ஆனா பேஸு தெரியல."

அந்த வாரம் முழுக்க எனக்கு வந்த கோபம் ஒரு மரத்தையும் ஒழுங்காக வெட்ட விடவில்லை. வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் ஏச்சு வாங்கினேன். போகிற இடமெல்லாம் பிள்ளைகள் ஙொய்ய் என்றன. பெடலை ஆற்றில் போடலாம் என்று எடுத்தேன், போடவில்லை. கோபத்தில் ஒரு நல்லது உண்டு, தூங்க விடாமல் யோசிக்க வைக்கும். பெட்டி கனத்தைத் தின்கிறது, சரி. தின்னாத பாதியை வேறு வழியாக அனுப்பினால்? கெமாஸ் ரேடியோ ரிப்பேர் கடையில் ஓர் ஒயரை இரண்டாகப் பிரித்துப் பற்றவைத்து வாங்கினேன். ஒரு கிளை நேராக, தலைவர் வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்த பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு. இன்னொரு கிளை பெடல் வழியாக, லீட்காரனிடம் கெஞ்சி வாங்கிய சின்ன ஆம்ப்ளிஃபையருக்கு. கீழே பழைய கனம் அப்படியே நின்றது, அதன் முதுகில் கரகரப்பு ஏறி உட்கார்ந்தது. வாசித்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உறுமல்! நான் கேட்டிருந்த அதே உறுமல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லக்கூட அன்று புகை இல்லை.

தலைவரைக் கூட்டிவந்து உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். முழுப் பாட்டையும் கேட்டார். தலையாட்டினார். கால் கூடத் தட்டினார்.

"நல்லா இருக்கு லா. நெசமாவே நல்லா இருக்கு."

"அப்பப் போட்டிக்கு?"

"பேரு கொடுத்தாச்சுடா, தம்பி. கல்யாணத்துக்கு மறுநாளே."

அந்த 'மறுநாளே'வை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போட்டிக்கு ஐந்து பேர் போனார்கள். நான் சீட்டு எடுத்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, எங்கே விழுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் இடது கையால் கீபோர்டில் பேஸ் வாசித்தார். இரண்டாம் பரிசு கிடைத்தது. பேஸ்காரன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பேஸ் நன்றாகவே கேட்டது.